யார் உழைப்பாளி? எல்லை மலைகளில் தேர்தல்தோறும் எழும் கேள்வி

புது தில்லி: நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சியும் எதிர்க்காத ஒரு சொல் உண்டென்றால் அது "உழைப்பாளி" என்பதுதான். ஆளும் கட்சி உறுப்பினர் எழுந்தாலும் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தாலும், பட்ஜெட் விவாதமானாலும் வறட்சி நிவாரண விவாதமானாலும், "நாட்டின் உழைக்கும் மக்கள் சார்பில்" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அந்த உழைக்கும் மக்கள் யார் என்று எந்த அவைத் தலைவரும் விளக்கம் கேட்டதில்லை. அவைக் குறிப்பிலிருந்து நீக்கவும் உத்தரவிட்டதில்லை.

ஆனால் இச்சொல் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தமிழகத்தையொட்டிய கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்ட எல்லைப் பகுதிகளின் எழுபதாண்டு அரசியலைத் திரும்பிப் பார்த்தால் அது தெளிவாகும். ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்து பாடுபட்ட இரு கூட்டத்தாரில் ஒருவர் "மண்ணைப் பொன்னாக்கிய உழைப்பாளி" ஆனார். மற்றவர் "பிழைக்க வந்தவர்" ஆனார். இந்த வேறுபாடு மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நிலப் பட்டா, சாதிச் சான்றிதழ், வீடு, இழப்பீடு ஆகிய அனைத்தும் அந்தச் சொல்லைப் பின்தொடர்ந்தே சென்றிருக்கின்றன.

மலையேறிய இருவர்

1877-ம் ஆண்டு பூஞ்சாறு மன்னரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன் பிறகு அங்கு தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. காடு வெட்டவும், பாதை போடவும், கொழுந்து கிள்ளவும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் வறண்ட கிராமங்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தனர். மலையேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் நிலமோ மதிப்போ இல்லாத அவர்கள், தோட்டத்தில் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னே ஒரு திண்ணை. வேலை உள்ளவரைதான் வீடு.

இரண்டாவது கூட்டம் மேற்கிலிருந்து ஏறியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடும் அரிசிப் பஞ்சம் ஏற்பட்டபோது, "உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்" என்ற திட்டத்தின் கீழ் திருவிதாங்கூர் அரசு காட்டு நிலங்களைச் சாகுபடிக்குத் திறந்துவிட்டது. பாலா, கோட்டயம், மூவாற்றுப்புழைப் பகுதிகளைச் சேர்ந்த சிறு விவசாயிகள் மூட்டை முடிச்சுகளுடன் மலையேறினர். மலேரியாவும் யானையும் பட்டினியும் அவர்களில் பலரைக் கொண்டுசென்றன. எஞ்சியவர்கள் மரவள்ளி நட்டனர். பின்னர் மிளகும் ஏலமும் விளைவித்தனர்.

இவ்விருவரின் உழைப்பிலும் ஐயமில்லை. குடியேறிய விவசாயி பட்ட துன்பம் கட்டுக்கதையும் அல்ல. ஆனால் கேரள அரசியல் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் தந்த பெயர்கள் வேறு. இரண்டாமவர் "குடியேற்றக் கர்ஷகன்". அதாவது குடியேறியதே அவரது பெருமை. முதலாமவர் "தமிழ்த் தொழிலாளி". அறுபது ஆண்டுகள் முன்னதாகவே மலையேறியிருந்தும் அவர் குடியேறியவராகக் கருதப்படவில்லை. வேலைக்கு வந்தவராகவே கருதப்பட்டார்.

"வந்து போகிறவர்கள்"

இந்த வேறுபாடு முதன்முதலில் பெரும் விளைவை ஏற்படுத்தியது தில்லியில்தான். 1953-ம் ஆண்டு டிசம்பரில் ஃபசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோர் அதன் மற்ற உறுப்பினர்கள். தெற்கே நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்களோடு தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது.

தேவிகுளத்தில் தமிழர்களே பெரும்பான்மையினர். பீர்மேட்டிலும் அவர்கள் பெருந்தொகையினர். இதை எவரும் மறுக்கவில்லை. மறுக்கப்பட்டது அந்தத் தலைகளை எண்ணலாமா என்பதுதான். அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகும் கூலிகள், நிலையான குடிமக்கள் அல்லர் என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதமாக இருந்தது. 1955-ம் ஆண்டு செப்டம்பரில் அளிக்கப்பட்ட அறிக்கையின்படி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழகத்துக்குக் கிடைத்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குச் சென்றன. தலைமுறைகளாக ஒரே தோட்டத்தில் பிறந்து ஒரே தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்கள், கணக்குப் பார்க்கும்போது "வந்து போகிறவர்கள்" ஆயினர்.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் நோக்க வேண்டும். 1954-ம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி முதல்வராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சியில், உயர்மலைப் பகுதிகளில் அரசே நிலம் கொடுத்து மக்களைக் குடியேற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. கல்லாறு அருகே அவர் பெயரில் "பட்டம் காலனி" இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி, தமிழகத்துடன் இணைய வேண்டும் என்று போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அவரது அரசின் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. வரவேற்கப்பட்டவர் ஒருவர். விரட்டப்பட்டவர் மற்றவர்.

வாக்கு உண்டு, நிலம் இல்லை

தோட்டத் தொழிலாளர்களை அரசியல் கட்சிகள் அறவே மறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. அவர்களிடம் வாக்கு இருந்தது. 1958-ம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜனின் தமிழ்ப் பாடல்கள் தோட்டம் தோட்டமாக ஒலித்தன. ரோசம்மா வென்றார். அதே ஆண்டு, அதே கட்சியின் ஆட்சியில், மூணாறு தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

1961-ம் ஆண்டு வேறொரு காட்சி. இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து குடியேற்ற விவசாயிகள் வெளியேற்றப்பட்டு, குமுளியை அடுத்த அமராவதியில் கொட்டும் மழையில் விடப்பட்டனர். மக்களவையில் கம்யூனிஸ்ட் குழுத் தலைவராக இருந்த ஏ.கே. கோபாலன் அங்கு சென்று உண்ணாவிரதம் இருந்தார். மறுபுறம் கத்தோலிக்கப் பாதிரியார் வடக்கன் அதே விவசாயிகளுக்காகக் களமிறங்கினார். கம்யூனிஸ்டும் பாதிரியாரும் ஒரே பக்கம் நிற்பது அன்றைய கேரளத்தில் எளிதில் நிகழக்கூடியதன்று. குடியேற்றக் கர்ஷகன் என்ற பெயருக்கு அரசியல் புனிதம் கிடைத்தது அந்த நாள்களில்தான். அதன் பின்னர் அவரை எதிர்த்துப் பேச எந்தக் கட்சிக்கும் துணிவு வந்ததில்லை.

1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தால் கேரளத்தில் குத்தகைதாரர்கள் நில உரிமையாளர்கள் ஆயினர். இந்தியாவிலேயே மிகத் துணிச்சலான நிலச் சீர்திருத்தம் என்று அது போற்றப்படுகிறது. ஆனால் தோட்டங்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது. கொழுந்து கிள்ளியவளுக்குக் கிடைக்கவில்லை.

1971-ம் ஆண்டு கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மொத்தம் சுமார் 1.37 லட்சம் ஏக்கரில் சுமார் 57 ஆயிரம் ஏக்கர் நிறுவனத்துக்கே விடப்பட்டது. எஞ்சியதில் ஒரு பகுதியை நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு வழங்குவது அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அரை நூற்றாண்டு கழிந்தும், பணி ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளி லயத்தைக் காலி செய்யும்போது செல்வதற்குச் சொந்தமாக மூன்று சென்ட் இடம் இல்லை என்பதே பொதுவான நிலையாக நீடித்தது.

இரண்டு தேதிகள்

இந்த மலைகளின் அரசியலைப் புரிந்துகொள்ள இரண்டு தேதிகளை நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று, 1977 ஜனவரி 1. இத்தேதிக்கு முன் வன நிலத்தில் குடியேறிச் சாகுபடி செய்தவர்களுக்குப் பட்டா வழங்க வேண்டும் என்பது கேரள அரசின் கொள்கை. 1993-ம் ஆண்டு இதற்கெனத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன.

மற்றொன்று, 1950 ஆகஸ்ட் 10. தாழ்த்தப்பட்டோர் பட்டியலைக் குடியரசுத் தலைவர் வெளியிட்ட நாள். இத்தேதிக்கு முன்பே தன் முன்னோர் இம்மாநிலத்தில் குடியிருந்தனர் என்று நிரூபித்தால்தான் தோட்டத் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் கேரளத்தில் அட்டவணைச் சாதிச் சலுகைகள் கிடைக்கும். இவ்விதி தமிழர்களுக்கென்று வகுக்கப்பட்டதல்ல. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயரும் அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். 1976-ல் மலையேறியவர் இம்மண்ணுக்கு உரியவராக ஏற்கப்படலாம். 1951-ல் மலையேறியவரின் பேத்தி அந்நியராகலாம்.

பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? பட்டா ஏது? எஸ்டேட் பேரேட்டில் ஒரு கைநாட்டு இருந்தால் உண்டு. அந்தப் பேரேடு தோட்ட அலுவலகத்தில் கரையான் அரிக்காமல் இருக்க வேண்டும்.

இப்பிரச்சினை ஒரு சட்டப்பேரவை உறுப்பினரையே விட்டுவைக்கவில்லை. தனித் தொகுதியான தேவிகுளத்தில் 2021-ம் ஆண்டு மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஏ. ராஜா வென்றார். அவர் கிறிஸ்தவர் என்றும், கேரளத்தின் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராக அவரைக் கருத முடியாது என்றும் தோல்வியுற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் வழக்குத் தொடுத்தார். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டனும் பாட்டியும் குண்டளை எஸ்டேட்டில் எந்த ஆண்டு முதல் வசித்தனர் என்பது தில்லியில் உச்ச நீதிமன்ற அறையில் விவாதப் பொருளாயிற்று. சட்டப்பேரவை உறுப்பினருக்கு மூத்த வழக்கறிஞர்கள் கிடைத்தனர். கல்லூரியில் இடம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் கொழுந்துக்காரியின் மகளுக்கு யார் கிடைப்பார்?

பெண்கள் எழுந்த நாள்கள்

2015 செப்டம்பர் மாதம் மூணாறில் நடந்தது கேரள அரசியலை அதிர வைத்தது. தொழிலாளர்களையே பங்குதாரர்களாகக் கொண்டு 2005-ல் தொடங்கப்பட்ட கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம், முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. அன்று தேயிலைத் தொழிலாளியின் நாள் கூலி ரூ. 232. அதற்கு 21 கிலோ கொழுந்து கிள்ள வேண்டும்.

ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை விட்டுச் சாலைக்கு வந்தனர். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை முடங்கியது. நாட்டுக்குப் புதிதாக இருந்தது மறியல் அல்ல. அவர்கள் தங்கள் தொழிற்சங்கங்களையும் எதிர்த்து எழுந்ததுதான். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. ஆகிய மூன்றும் நிர்வாகத்தோடு கைகோத்துவிட்டன என்று குற்றம் சாட்டினர். சங்க அலுவலகங்கள் தாக்கப்பட்டன. தலைவர்களாக வந்த ஆண்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். மறைந்த முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன், அப்போது 91 வயது, அவர் ஒருவரே வரவேற்கப்பட்டார். அவர்களோடு அமர்ந்திருந்தார். "பெம்பிளை ஒருமை" என்ற பெயர் அப்போது பிறந்ததே. பெண்களின் ஒற்றுமை என்பது அதன் பொருள்.

இந்த நேரத்தில் மேடைகளில் எழுந்த பேச்சுகள் கவனிக்கத்தக்கவை. நூற்றாண்டாக "உழைக்கும் வர்க்கம்" என்று இவர்களைப் போற்றிய இயக்கங்களிலிருந்தே, இதற்குப் பின்னால் தமிழ்த் தீவிரவாத அமைப்புகளின் கை இருக்கிறது என்ற குரல் எழுந்தது. சங்கத்தின் கொடியின் கீழ் நின்றபோது அவர்கள் தொழிலாளர்கள். கொடியை விட்டு விலகியதும் தமிழர்கள்!

செப்டம்பர் 13-ம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம், ஆக 20. கூலியை ரூ. 500 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அக்டோபரில் அது ரூ. 301 ஆக உயர்த்தப்பட்டது. அதே உடன்பாட்டில் ரப்பர்த் தொழிலாளிக்கு ரூ. 381 கிடைத்தது. ரப்பர்ப் பால் வெட்டுவோரில் மலையாளிகள் அதிகம் என்பதும், கொழுந்து கிள்ளுவோரில் தமிழ்ப் பெண்கள் அதிகம் என்பதும் அப்பகுதி மக்கள் அனைவரும் அறிந்ததே.

2017 ஏப்ரலில் கேரள மின்துறை அமைச்சராக இருந்த எம்.எம். மணி, அப்போராட்டத்தில் கலந்துகொண்ட பெண்களின் நடத்தையைக் கொச்சைப்படுத்திப் பேசியதாகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெண்கள் மூணாறில் உண்ணாவிரதம் இருந்தனர். சட்டப்பேரவை அமளியில் மூழ்கியது. தாம் பெண்களை இழிவுபடுத்தவில்லை என்றும், புண்பட்டிருந்தால் வருந்துவதாகவும் மணி கூறினார். முதல்வர் பினராயி விஜயனோ, அது மணியின் நாட்டுப்புறப் பேச்சு நடை என்று விளக்கம் தந்தார். மணியும் சிறு வயதில் குடும்பத்தோடு மலையேறிய குடியேற்றக்காரர். கூலி வேலை செய்து உயர்ந்தவர். மலையில் உழைத்தவரின் முரட்டுப் பேச்சு அவரது எளிமைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. மலையில் உழைத்த பெண்களின் முரட்டுப் பேச்சோ அவர்களது ஒழுக்கத்தின் மீது ஐயம் எழுப்பப் போதுமானதாயிற்று.

பெட்டிமுடியும் தில்லியும்

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. எழுபது பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில்தான். மாண்டவர்களில் பலரது பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு.

மறுநாள் மாலை கோழிக்கோடு விமான நிலையத்தில் விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா ரூ. 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவிக்கப்பட்டது ரூ. 5 லட்சம். முதல்வர் கோழிக்கோட்டுக்கு ஆகஸ்ட் 8-ம் தேதி சென்றார். பெட்டிமுடிக்கு 13-ம் தேதி வந்தார். பெட்டிமுடிக்கு அறிவித்தது தொடக்க உதவி மட்டுமே, மறுவாழ்வுப் பணிகளும் உண்டு என்று அரசு விளக்கியது. குட்டியாறு பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடுகளும் கட்டித் தரப்பட்டன. ஆனால் இரு சாவுகளுக்கு இரு விலையா என்ற கேள்வி மூணாறில் இன்றும் அடங்கவில்லை.

இதன் தில்லி அத்தியாயம் அதிகம் பேசப்படாதது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று கூறியது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். பெட்டிமுடி புதைந்து ஏழு வாரங்கள் முடிவதற்குள், 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில், அச்சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் ஒன்றாக்கும் பணிப் பாதுகாப்பு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. வேளாண் மசோதா அமளியைத் தொடர்ந்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. லயங்களின் கதியைத் தீர்மானிக்கும் சட்டம் நிறைவேறியபோது, லயங்களின் வாக்கைப் பெற்று வந்த கட்சிகளின் இருக்கைகள் காலியாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. வீடு தரும் கடமை புதிய சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் எழுபது ஆண்டுகள் இருந்த பழைய சட்டத்தாலேயே பெட்டிமுடியின் கூரைகளை மாற்ற முடியவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு நிகழ்ச்சி. 2013 நவம்பரில் கஸ்தூரிரங்கன் குழுப் பரிந்துரைப்படி கேரளத்தின் 123 கிராமங்கள் சூழல் பாதுகாப்புப் பகுதிகளாகக் குறிக்கப்பட்டபோது இடுக்கி கொந்தளித்தது. குடியேற்ற விவசாயியின் உழைப்பைப் பறிக்கும் சதி என்று எல்லாக் கட்சிகளும் முழங்கின. மாதவ் காட்கில் அறிக்கையை ஆதரித்துப் பேசிய அன்றைய இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்கு 2014-ல் காங்கிரஸ் மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. இடதுசாரிகளின் ஆதரவுடன் நின்ற சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் வெற்றி பெற்றார். ஒரு சொல்லுக்கு ஓர் எம்.பி.யை மாற்றும் வலிமை இருந்தது. லயத்தின் கூரைக்கு அந்த வலிமை என்றும் வாய்த்ததில்லை.

அட்டப்பாடியில்

பாலக்காட்டு எல்லையில் இக்கதை இன்னும் கசப்பானது. அங்கு உழைப்பின் பெயரால் ஓரங்கட்டப்பட்டவர்கள் பின்னர் வந்தவர்கள் அல்ல. முதலிலிருந்தே இருந்தவர்கள்.

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் 1951-ம் ஆண்டு பத்தில் ஒன்பது பங்கினர். இன்று பாதிக்கும் குறைவு. இடையில் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் குடியேறியவர்களிடம் அவர்களது நிலம் கைமாறியது. அந்நிலத்தை மீட்டுத் தர 1975-ல் கேரளம் சட்டம் இயற்றியது; நடைமுறைப்படுத்தவில்லை. நீதிமன்றம் நெருக்கியபோது, 1996-ல் அச்சட்டத்தையே நீர்த்துப்போகச் செய்யும் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமின்றி அனைவரும் ஆதரித்தனர். எதிர்த்து நின்றவர் கே.ஆர். கௌரி அம்மா ஒருவரே. அப்போதும் சொல்லப்பட்ட காரணம், பாடுபட்டு நிலத்தைப் பண்படுத்திய விவசாயியை வெளியேற்ற முடியாது என்பதுதான். 1998-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அப்பதவியில் அன்று இருந்தவர் கேரளத்தின் எளிய தலித் குடும்பத்திலிருந்து வந்த கே.ஆர். நாராயணன். 1999-ல் வேளாண் நிலம் மாநிலப் பொருள் என்று கூறி, தில்லியின் ஒப்புதல் தேவைப்படாத வகையில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பழங்குடியினருக்கு மாற்று நிலம் தரலாம். 2009-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது.

உழைப்பாளி என்று ஒருவரைச் சொல்லும்போதே மற்றொருவர் சோம்பேறியாகிவிடுகிறார். நிலத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவர், வேலை செய்யாதவர், அரசு உதவியில் வாழ்பவர், திருடுபவர் என்று பழங்குடியினரைப் பற்றிய பேச்சு படிப்படியாக வளர்கிறது. 2018 பிப்ரவரி 22-ம் தேதி மது என்ற பழங்குடி இளைஞரை, அரிசியும் உணவுப் பொருள்களும் திருடினார் என்று சொல்லி ஒரு கும்பல் காட்டிலிருந்து பிடித்து வந்து, கைகளைக் கட்டி, அடித்து, படமும் எடுத்துக்கொண்டது. அவர் மரணமடைந்தார். 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. கும்பலில் இருந்த ஒவ்வொருவரும் தன்னை ஓர் உழைப்பாளியாகவே நினைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

நமக்கும் ஒரு கண்ணாடி

இதைத் தமிழர் - மலையாளி பிரச்சினையாக மட்டும் காண்பது எளிது, அது சரியாகாது. 2011-ம் ஆண்டு இறுதியில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்குதலுக்கு அஞ்சிக் காட்டு வழியே தேனி மாவட்டத்துக்கு ஓடிவந்தனர். தமிழக மேடைகள் அவர்களுக்காகக் கண்ணீர் வடித்தன. பிரச்சினை அடங்கியதும் கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் குமுளியிலும் ஜீப்புகள் மீண்டும் அதிகாலையில் ஆட்களை அள்ளிக்கொண்டு மலையேறின. அந்த ஜீப்புகளில் எத்தனை பேர் ஏற்றப்படுகின்றனர், ஏன் அவர்களுக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கிலேயே வேலை இல்லை என்ற கேள்விகள் எந்தத் தமிழக மேடையிலும் நீடிக்கவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். இலங்கையில் தேயிலையால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த மலையகத் தமிழர்களின் குடியுரிமை 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோனது. 1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டனர். திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தின் ரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். அங்கு இந்தியர், இங்கு சிலோன்காரர். மேலை நாடுகளிலும் இச்சொல்லுக்கு இதே வரலாறு உண்டு. 2013-ல் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி தன் மாநாட்டு மேடையிலேயே "கடுமையாக உழைக்கும் மக்களுக்காக" என்று எழுதி வைத்தது. அதற்குச் சில ஆண்டுகளில் போலந்திலிருந்து வந்து இரவும் பகலும் உழைத்தவர்களுக்கு எதிரான பேச்சே அந்நாட்டு அரசியலை ஆட்கொண்டது.

இன்று பாலக்காட்டு வயல்களில் நாற்று நடுவது மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். மூணாறு தோட்டங்களிலும் ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் வந்துவிட்டனர். தமிழகத்தின் திருப்பூரிலும் கோவையிலும் அதே நிலைதான். 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவி, பிகார் அரசின் குழுவே நேரில் வந்து பார்க்கும் நிலை ஏற்பட்டது. காணொலி பொய். ஆனால் "வடக்கன்" என்ற சொல் தமிழக மேடைகளில் புழங்குவது பொய்யல்ல. மூணாறில் தமிழரைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே வாக்கியங்களை, பெயரை மட்டும் மாற்றி, நாமும் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

அடுத்த தேர்தலில் எந்தக் கட்சியும் "உழைக்கும் மக்கள்" என்ற சொல்லை விட்டுவிடப் போவதில்லை. அப்போது வாக்காளர் கேட்க வேண்டியது சிறு கேள்விகளே. 58 வயதில் லயத்தைக் காலி செய்யும் பெண் எங்கே செல்வாள்? பாட்டியின் பெயர் பேரேட்டில் இல்லாத மாணவிக்குச் சான்றிதழ் யார் தருவார்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் உழைப்பாளியைப் போற்றுபவர், அவளிடம் உழைப்பை மட்டுமே எதிர்பார்க்கிறார் என்று பொருள்.